தாங்காதவற்றின் பட்டியல்

"அவளுக்கு அதிகம் தாங்காது." குழந்தைகள் காப்பகத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவளான டூரில் சொன்னது பாதி திறந்திருந்த சமையலறை யன்னலால் வெளியே வந்தது. அவர்கள் மொழியில் அது ஐந்து சின்னச் சொற்கள், ஹுன் டோலர் இக்கெ சோ மிய. பிறகு ஒரு கரண்டி கோப்பையில் தட்டுப்பட்டது, கூட வேலை செய்யும் சில்யெ ஏதோ சொல்லிச் சிரித்தாள், யன்னலை யாரோ சாத்தினார்கள். நான் வெளியே, கூரை நீட்டுக்குக் கீழே, ஒன்பது தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நிற்கிறேன். நேரம் பதினொன்று இருபது. சுவரிலிருக்கும் வெப்பமானி சைபருக்குக் கீழே நாலு காட்டுகிறது. இந்த நாட்டில் குழந்தைகளைப் பகலில் வெளிக்குளிரில்தான் நித்திரையாக்குகிறார்கள். சைபருக்குக் கீழே பத்தையும் தாண்டினால்தான் உள்ளே எடுப்பார்களாம். கம்பளி உடுப்பு, கம்பளித் தொப்பி, அதற்கு மேல் ஆட்டுரோமம் தைத்த பை, கழுத்துவரை இழுத்த சிப். வெளியே தெரிவது மூக்கும் இரண்டு கன்னங்களும் மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து மூச்சைப் பார்த்து, கதவருகில் தொங்கும் தாளில் நேரத்தையும் என் பெயரின் முதலெழுத்தையும் எழுதவேண்டும். ஒரு மணி வரைக்கும் அதுதான் என் வேலை. சுலபமான வேலை என்று முதல் நாளில் நினைத்தேன். அவளுக்கு அதிகம் தாங்காது. எந்த அவளுக்கு? எனக்கா? போன கிழமை பனியில் வழுக்கி விழுந்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எழும்பி, பிறகு கழிவறைக்குள் போய் அழுத எனக்கா? கண் சிவந்திருந்ததை டூரில் கண்டிருப்பாள், அவள் காணாதது இந்தக் கட்டடத்தில் ஒன்றும் இல்லை. அல்லது மாரெனுக்கா? மாரெனைப் பற்றித்தான் சொன்னாள் என்றால் இப்போது இந்த நிமிடமே நான் உள்ளே ஓடவேண்டும். ஓடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுகிறேன்.

மாரென் ஆறாவது வண்டியில் இருக்கிறாள். பதினாலு மாதம். இங்கே வரத் தொடங்கி மூன்று கிழமைதான் ஆகிறது. இன்று காலை பத்து நாற்பத்தைந்துக்கு நான் அவளுக்கு ஒரு பயறளவு எள்ளுருண்டை கொடுத்தேன். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாரென் புதியவர்களிடம் போகமாட்டாள், ஏனோ என் மடியில் மட்டும் அழாமல் இருப்பாள், அதனால் நான் இடைவேளைக்கு மேல்மாடி அறைக்குப் போகவில்லை. இங்கேயே சாப்பிடு என்று டூரில்தான் சொன்னாள். மூலையில் இருந்த குட்டிக் கதிரையில் குந்தி, சுவர்ப்பக்கம் திரும்பி, பெட்டியைத் திறந்தேன். அம்மா இடித்து உருட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தெரிந்த ஆளிடம் கொடுத்துவிட்ட எள்ளுருண்டை, கடைசி இரண்டு. சுவர்ப்பக்கம் திரும்பியதே அவள் காணக்கூடாது என்றுதான். அவள் சுற்றி வந்தாள். என் முழங்காலில் கையை ஊன்றி, நிமிர்ந்து, என் வாயைப் பார்த்தாள். கேட்கவில்லை, கையை நீட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினேன். விழுங்க முடியவில்லை. ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கக் கொடுக்காமல் தின்னக்கூடாது என்று எனக்கு யாரும் இருத்திவைத்துச் சொல்லித் தந்ததில்லை. எங்களில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதைக் கைதான் செய்கிறது. என் கை உருண்டையின் ஓரத்தைக் கிள்ளி, விரலால் நசித்து, அவள் நாக்கில் வைத்துவிட்டு வந்தது. அவள் சப்புக்கொட்டினாள். அப்போதுதான் தலையை உயர்த்தினேன். எதிரே சமையலறைக் கதவு. கதவில் பட்டியல். நாலு பிள்ளைகளின் படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே டோலர் இக்கெ என்று தடித்த எழுத்து, அதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் தாங்காத சாப்பாடு. கடைசிப் படம் மாரென். முட்டை. பிறகு, மற்றவை பரிசோதனையில்.

பதினொன்று முப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குனிந்து பார்த்துக்கொண்டு போகிறேன். நாலாவது வண்டிக்காரன் குறட்டை விடுகிறான். ஐந்தாவதில் ஒரு துளி சளி உறைந்து மூக்கில் நிற்கிறது. ஆறாவதில் நான் குனிந்தால் நிமிர மனம் வராது. மூச்சு இருக்கிறது, பைக்கு மேலே வெள்ளையாக வந்து கரைகிறது. கன்னம் சிவப்பு. ஆனால் எல்லாக் கன்னங்களும் சிவப்புத்தானே, குளிர் ஒன்பது பேருக்கும் ஒரே சிவப்பைத்தான் பூசியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு தாதி வந்து வகுப்பெடுத்தா. தோல் சிவக்கும், தடிக்கும், உதடு வீங்கும், சத்தி எடுக்கும், மூச்சு இழுக்கும், கூடுதலாக முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னா. பத்து நாற்பத்தைந்திலிருந்து இரண்டு மணித்தியாலம் என்றால் பன்னிரண்டு நாற்பத்தைந்து. இன்னும் எழுபத்தைந்து நிமிடம். வீங்கிய உதடு எப்படி இருக்கும்? இவளின் உதடு எப்போதும் கொஞ்சம் மேலெழும்பித்தான் இருக்கும், அல்லது இன்றைக்குத்தான் அப்படியா? இவளை மூன்று கிழமையாக மடியில் வைத்திருக்கிறேன், உதட்டைச் சரியாகப் பார்த்து வைக்கவில்லை. இதே தாதி இன்னொன்றும் சொன்னா, முதல் தரம் ஒன்றும் செய்யாமல் இரண்டாம் தரம் பெரிதாக வரலாம் என்று. அந்த இடத்தில் நான் குறிப்பு எழுதவில்லை, பேனை எழுதாதது போல நடித்தேன், ஏனென்றால் ஒரு சொல் விளங்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்துத்தான் பிறகு விளங்கியது. தாளில் பதினொன்று முப்பது என்று எழுதி எஸ் போடுகிறேன்.

டோலெ. வயது வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் இந்தச் சொல் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆர்னெ என்ற மெலிந்த ஆசிரியர் பலகையில் எழுதினார், டோலெ, டோலர், டோல்தெ, டோல்த். இந்தச் சொல் இல்லாமல் இந்த நாட்டில் ஒருநாள்கூடப் போகாது என்றார். பாலைக் குடித்து வயிறு பொருமுகிறவர் பாலை டோலர் இக்கெ. அறுபது பாகைத் தண்ணீரில் தோய்க்கலாம் என்றால் துணி அதை டோலர். பகிடிக்குக் கோபிக்கிறவர் பகிடியை டோலர் இக்கெ. நான் அகராதியில் தமிழைத் தேடிக்கொண்டிருந்தேன். தாங்கும், பொறுக்கும், ஒத்துக்கொள்ளும், சகிக்கும். ஒன்று வைத்தால் மற்றது மிஞ்சியது. பிறகு ஆர்னெ ஒவ்வொருவரையும் கேட்டார், உனக்கு எது தாங்காது? ஒரு வசனம் சொல்லு. சிரியாக்காரர் ஒருவர் தன் மாமியார் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். எரித்திரியாக்காரி மெப்ராத், எனக்கு எல்லாம் தாங்கும் என்றாள். ஆர்னெ சிரித்துக்கொண்டு, எல்லாம் தாங்குகிற மனிசர் இல்லை என்றார். மெப்ராத் சிரிக்கவில்லை. பலகையின் கடைசிச் சொல்லைப் பார்த்து, நான் எல்லாம் தாங்கியிருக்கிறேன் என்று மாற்றிச் சொன்னாள். வசனம் சரி என்றார் ஆர்னெ. அடுத்தது நான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், மண்டைக்குள் ஒன்றும் இல்லை, மேசையில் கிடந்த ஒரு சொக்கிலேற் கடதாசி கண்ணில் பட்டது, எனக்குச் சொக்கிலேற் தாங்காது என்று சொல்லிவிட்டேன். பொய். எனக்குச் சொக்கிலேற் என்றால் உயிர். அதன் பிறகு மூன்று தவணையும் ஆர்னெ வகுப்புக்குச் சொக்கிலேற் கொண்டுவந்தபோதெல்லாம் எனக்கென்று தனியாக ஒரு தோடம்பழம் கொண்டுவந்தார். நத்தாருக்கு முதல்நாள் எல்லோரும் வெள்ளைச் சொக்கிலேற் தின்ன நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். சொன்னது பொய் என்று சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் போகப் போகச் சொல்வது கூடக் கடினமாகியது. என்னில் இருக்கும் பிழை அதுதான், சின்னதாக இருக்கும்போது சொல்லமாட்டேன், வளர விட்டுவிடுவேன். இந்தச் சொல்லை வைத்து நான் இதுவரைக்கும் ஒரு உண்மையான வசனம் சொன்னதில்லை.

பதினொன்று முப்பத்தேழு. இன்னும் நேரம் ஆகவில்லை, ஆனாலும் ஆறாவது வண்டிக்குப் போகிறேன். மூச்சு இருக்கிறது. எங்கள் வீடுகளில் எனக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால், சும்மா சாப்பிடு, ஒண்டும் செய்யாது என்பார்கள். இறால் தின்றால் சித்தப்பாவுக்குக் கழுத்தெல்லாம் கடிக்கும், சொறிந்து சொறிந்து தின்பார், அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். இங்கே ஒரு பிள்ளைக்கு முட்டை தாங்காது என்றால் படம் பிடித்துக் கதவில் ஒட்டி, முழுக் கட்டடமும் முட்டையைத் திரும்பிப் பார்க்காது. யாரும் வெட்கப்படுவதில்லை. தாங்காது என்று சொன்னால் போதும், எழுதி வைத்துவிடுவார்கள், பிறகு அது உன்னுடைய உரிமை. எங்களில் அந்தச் சொல்லை ஒருத்தி தன்னைப் பற்றித் தானே சொல்வதில்லை, மற்றவர்கள்தான் சொல்வார்கள், அதுவும் தாங்குவாள் என்றுதான். என் கணவர் கேதீஸின் பெரியம்மா பெண் பார்க்க வந்த அன்று, அங்க சரியான குளிராம், பிள்ளை தாங்குவாளோ என்று கேட்டா. நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "அவள் எதையும் தாங்குவாள், நீங்கள் யோசியாதேங்கோ." பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்திருக்கிறாள் என்று அம்மா சொல்லவில்லை, நன்றாக வரைவாள் என்று சொல்லவில்லை, இதை ஒன்றைத்தான் சொன்னா, அது போதுமானதாகவும் இருந்தது. கேதீஸ் நல்ல மனிசன். இங்கே பஸ் ஓட்டுகிறார். முதல் பனிக்காலத்தில் என்னை ஒரு ஏரிக்குக் கூட்டிப்போய் அதன் மேலேயே நடக்கவைத்தார். பலகையில் பனிக்கட்டியின் தடிப்பு எழுதியிருந்தது. கார் ஓடலாம், வாரும் என்று நடுவில் போய்க் குதித்துக் காட்டினார். நான் கரையிலிருந்து மூன்றாம் அடியில் நின்றுவிட்டேன். கீழே எங்கேயோ ஆழத்தில், நீளமாக, கயிறு அறுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது தாங்குகிற சத்தம், பயப்படாதையும் என்றார். தாங்குகிற சத்தமும் உடைகிற சத்தமும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது. கைத்தொலைபேசி லொக்கருக்குள் இருக்கிறது, காவலுக்கு நிற்கும்போது வைத்திருக்கக்கூடாது. இருந்தால் கேதீஸுக்கு எழுதியிருப்பேன். அவர் என்ன எழுதுவார் என்று தெரியும். இஞ்ச பாரும், கேட்டாத்தானே சொல்லோணும், உமக்கென்ன விசரே. வெள்ளிக்கிழமைதான் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கதைக்கப்போகிறா, வருகிற கோடை வரைக்கும் வேலை தருவதா இல்லையா என்று. அதையும் எழுதுவார். சரியாகத்தான் எழுதுவார். இதற்கு முன் எட்டு மாதம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன், அந்த எட்டு மாதத்தில் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. இங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் சுகிர்தா என்ற பெயரைச் சுகி, கிர்தா, தா என்று மூன்றாக உடைத்துக் கூப்பிடுகின்றன. மாரெனுக்கு ஒரு சொல்லும் வராது, ஆனால் காலையில் என்னைக் கண்டால் கதவுப்பக்கம் இரண்டு கையையும் தூக்குவாள்.

இது முதல் தரம் இல்லை என்பதுதான் மோசம். சேர்ந்த முதல் கிழமை ஒரு பையனுக்கு என் தோடம்பழத்தில் ஒரு சுளை கொடுத்தேன். டூரில் கோபிக்கவில்லை. என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இங்கே ஒருவரின் சாப்பாடு மற்றவரின் வாய்க்குப் போகாது என்றாள். நான் தலையாட்டினேன். எங்கள் தலையாட்டல் ஓம் என்கிறதா இல்லை என்கிறதா என்று தெரியாமல் அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். விளங்கிச்சா என்று மறுபடி கேட்டாள். விளங்கியது. மண்டைக்கு விளங்கியது. டூரிலுக்கு ஐம்பத்தெட்டு வயது, காலை ஆறே முக்காலுக்கு வந்து கதவு திறப்பவள், ஆண்பிள்ளை மாதிரித் தலைமயிர், சிரித்தாலும் ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்கும். இரண்டாம் தரம் என்று கேட்டால் அந்த ஒரு பக்கமும் நின்றுவிடும். பதினொன்று நாற்பது. குனிகிறேன், எழுதுகிறேன். பதினொன்று நாற்பத்தைந்து, ஆறாவது வண்டி மட்டும். உள்ளே போய்ச் சொல்வதென்றால் எந்த வசனம்? மாரெனுக்கு எள் கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம், அவர்கள் மொழியில் அப்படி வரும், அதில் நான் எங்கும் இல்லை. தமிழிலும் வரும், குடுபட்டுப் போச்சு, யார் குடுத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எள்ளுக்கு என்ன சொல்? செசாம். அது தெரியும், பாண் மேலே தூவியிருப்பார்கள். பாணில் தூவியிருப்பதைத்தானே, இவள் வீட்டில் எத்தனை தரம் தின்றிருப்பாள். தின்றிருப்பாளா? பரிசோதனையில் என்று எழுதியிருப்பவளுக்கு அப்படிப் பாண் கொடுப்பார்களா? ஒரு பயறளவு. பயறைவிடக் குறைவு. சுண்டுவிரல் நுனியில் பாதி. நான் நினைக்க நினைக்க அது சின்னதாகிக்கொண்டு போகிறது, இன்னும் கொஞ்சநேரத்தில் நான் கொடுக்கவேயில்லை என்றாகிவிடும்.

கதவு திறந்தது. சில்யெ ஒரு கோப்பை கோப்பியோடு வந்தாள். இருபத்திரண்டு வயது, மூக்கில் வளையம், என்னுடன் எப்போதும் கொஞ்சம் உரக்கக் கதைப்பாள், எனக்குக் காது கேளாது என்பது போல. உறைஞ்சு போயிட்டியா, குடி என்று கையில் தந்தாள். பிறகு வண்டிகளை எண்ணுவது போல ஒரு பார்வை பார்த்து, டூரில் இன்றைக்கு அரை மணி முந்திப் போகிறாள், ஒரு மணிக்கு மிருகவைத்தியரிடம் போகவேண்டுமாம் என்றாள். அவளின் பெட்டை நாய்க்குப் பதினாலு வயது. நேற்று யாரோ விருந்தாளி ஈரல் களி பூசிய பாணைப் போட்டுவிட்டார்களாம், இரவெல்லாம் சோபாவில் சத்தி. "பாவம், அவளுக்கு இப்ப அதிகம் தாங்காது" என்றாள் சில்யெ, டூரிலின் குரலைப்போலவே இழுத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பி கையுறையில் சிந்தியது. சில்யெவும் சிரித்தாள், நான் நாயை நினைத்துச் சிரிக்கிறேன் என்று. அரை மணித்தியாலமாக ஒரு கிழட்டு நாயின் இடத்தில் நான் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் சிரிப்பு முடிந்ததும் கண் மறுபடி ஆறாவது வண்டிக்குத்தான் போனது. அந்த வசனம் என்னைப் பற்றி என்று நினைத்திருந்தவரைக்கும் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தது, கவலைப்பட வேறொன்று இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை, மாரெனும் எள்ளும் நானும்தான். சில்யெ போகும்போது தாளைப் பார்த்தாள். நீ ஏன் அங்கேயே நிற்கிறாய், ஆறாவதில்? அவள் அழுதாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை, அவள் அழவில்லை. கதவு மூடியது. சொல்லியிருக்கலாம். சில்யெவிடம் சொல்வது சுலபம், அவள் டூரிலிடம் போய்ச் சொல்லியிருப்பாள். கோப்பி ஆறி மேலே ஆடை படிகிறது.

பன்னிரண்டு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பன்னிரண்டு ஐந்து. இப்போது வெயில் கூரையின் விளிம்புக்கு வந்து வண்டிகளின் மேல் ஒரு கோடாக விழுகிறது. எனக்குப் பதினொரு வயதில் நாங்கள் முகாமில் இருந்தோம். கம்பிவேலி, வெள்ளைக் கூடாரங்கள், வரிசை. சாப்பாடு கிடைத்தது, கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், சோறும் பருப்பும். ஒருநாள் அடுத்த கூடாரத்து மனிசி, பெயர்கூடத் தெரியாது, எங்கேயோ கிடைத்த ஒரு பிஸ்கட்டை எங்களுக்கு முதுகு காட்டித் தின்றுகொண்டிருந்தா. நான் சுற்றிப் போய் முன்னால் நின்றேன். கேட்கவில்லை. நின்றேன். மனிசியின் வாய் நின்றது. மிச்சத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு தன் வாயிலிருந்த பாதியையும் விழுங்காமல் கையில் இருந்ததை என் கையில் வைத்தா. அந்த முகம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதில் அன்பு ஒன்றும் இல்லை. பிடிபட்ட முகம். நான் நன்றி சொல்லவில்லை, ஓடிவிட்டேன், தங்கச்சிக்குக்கூடக் கொடுக்காமல் கூடாரத்துக்குப் பின்னால் தின்றேன். இன்று காலை மாரென் என் முழங்காலில் கையை வைத்தபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் மாரெனுக்குப் பசி இல்லை. ஒன்பது மணிக்குக் கஞ்சியும் வாழைப்பழமும் தின்றவள். இங்கே ஒரு பிள்ளைக்கும் பசி இல்லை. பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் பசியில் பார்க்கவில்லை, சும்மா பார்க்கின்றன, வாய் அசைவது வேடிக்கையாக இருக்கிறது. அப்படியென்றால் நான் யாருக்குக் கொடுத்தேன்? இந்தக் கேள்வி வந்ததும் அதை உடனே வேறு பக்கம் தள்ளுகிறேன், குனிந்து ஆறாவது வண்டியைப் பார்க்கிறேன்.

காதுக்குக் கீழே ஒரு சிவப்பு. கன்னத்துச் சிவப்பு மாதிரி இல்லை. தொப்பியின் நாடா போகிற இடத்தில், ஐம்பது சதக் குற்றியளவு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாடா இறுகியதாக இருக்கலாம். கம்பளி உராய்ந்ததாக இருக்கலாம். காலையில் இருந்ததா? தொப்பியை மாட்டியது நான்தான், நாடாவைக் கட்டியது நான்தான், அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றி விரலால் தொட்டால் என் விரலின் குளிருக்கு அவள் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி அடங்குகிறாள். மூச்சு வெள்ளையாக வருகிறது. வேகமாக வருகிறதா? எண்ணத் தொடங்குகிறேன், ஒன்று, இரண்டு, என் மூச்சும் வெள்ளையாக வந்து அதோடு கலக்கிறது, எது என்னுடையது என்று தெரியவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எண்ணுகிறேன். பன்னிரண்டு பத்து. இன்னும் முப்பத்தைந்து நிமிடம். ஒன்றும் நடக்காமல் அந்த நேரம் போய்விட்டால்? ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இவள் ஒரு மணிக்கு எழும்பி, கையைத் தூக்கி, நான் எடுத்து, சூப் கொடுத்து, தகப்பன் வந்து கூட்டிப்போவார். பெட்டியில் மிச்சமிருக்கும் ஒன்றரை உருண்டையை நான் பஸ்ஸில் தின்றுவிடுவேன். வெள்ளிக்கிழமை வரும். பிறகு ஒருநாள், அடுத்த மாதமோ அடுத்த வருசமோ, யாரோ ஒரு வீட்டில், பிறந்தநாளில், எள் தூவிய ஏதோ ஒன்றை இவளுக்குக் கொடுப்பார்கள், அது இவளுக்கு முதல் தரம் என்று தாய் நினைப்பா. முதல் தரம் எது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டாம் தரம் பெரிதாக வரலாம். அந்தத் தாதியின் சொல், விளங்காமல் பக்கத்துக் கொப்பியில் பார்த்த சொல். அப்போது நான் எங்கே இருப்பேன்? தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பேன்.

கண்ணாடிக் கதவுக்குள்ளால் டூரில் தெரிகிறாள். நீல மேலங்கியைப் போட்டுவிட்டாள், கழுத்துச் சால்வையைச் சுற்றுகிறாள், வாங்கில் குந்தி ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு சில்யெவுக்கு ஏதோ சொல்கிறாள். பன்னிரண்டு பதினேழு. கார்ச் சாவி வாயில் இருக்கிறது. நித்திரையாக இருக்கும் பிள்ளையை எழுப்பக்கூடாது, அது இங்கே எழுதாத சட்டம், தீப்பிடித்தால்தான் எழுப்புவார்கள் என்று முதல் நாள் சில்யெ பகிடியாகச் சொன்னாள். இரண்டாவது சப்பாத்தையும் மாட்டிவிட்டாள். வாசல் வழியாக வந்தால் என்னைக் கடந்துதான் போகவேண்டும். கடந்து போகும்போது நாளைக்குக் காண்பம் என்பாள், நானும் நாளைக்குக் காண்பம் என்பேன், வாய் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் பிறகு ஒன்றும் சொல்ல வராது. என் விரல் ஆறாவது வண்டியின் சிப்பில் இருக்கிறது. உலோகம் குளிரில் விரலோடு ஒட்டுகிறது. இழுத்தேன். மாரென் கண்ணைத் திறக்காமலே முனகினாள். பைக்குள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது, பால் மணமும் நித்திரை மணமும். வாரைக் கழற்றி, தோளில் சாய்த்து, சால்வையால் மூடி, மற்ற எட்டையும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, முழங்கையால் கதவைத் தள்ளினேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். சில்யெ, ஏன் எழுப்பினாய் என்று கேட்டாள். வெளியில் எட்டுப் பேர் தனியே என்றேன் அவளிடம், அதுதான் முதலில் வந்தது, அவள் ஒன்றும் கேட்காமல் மேலங்கியைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள். டூரில் சாவியை வாயிலிருந்து எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி, பிறகு அவளைப் பார்த்தேன்.

"நான் அவளுக்கு என் சாப்பாட்டில் கொஞ்சம் கொடுத்தேன். எள். பத்து நாற்பத்தைந்துக்கு. அவளுக்கு எள் தாங்குமா என்று எனக்குத் தெரியாது."

எவ்வளவு என்று டூரில் கேட்டாள். சுண்டுவிரலைக் காட்டினேன். மிச்சம் எங்கே என்றாள். காட்டினேன். மாரெனை என் தோளிலிருந்து வாங்கி, தொப்பியை அவிழ்த்து, காதுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள், முதுகில் காதை வைத்துக் கேட்டாள். மாரென் முழுதாக எழும்பி, அவள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பறித்து வாயில் வைத்தாள். டூரில் தொலைபேசியை எடுத்து மாரெனின் தாய்க்கு அடித்து, நான் சொன்னதைச் சொன்னாள், நேரத்தோடு, அளவோடு, என் பெயரைச் சொல்லவில்லை, இங்கே ஒருவர் என்றாள். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம், ஓம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் வாருங்கள் என்று வைத்தாள். பிறகு இன்னொரு இலக்கத்துக்கு அடித்து, ஒரு மணிக்கு நாயைக் கொண்டுவர முடியாது, மன்னிக்கவும் என்றாள். சால்வையை அவிழ்த்தாள். மேலங்கியைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டினாள். சப்பாத்து இரண்டையும் கழற்றி வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டு, எனக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, மாரெனை மடியில் இருத்தி, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரித் திரும்பி இருந்தாள்.